காற்றிலிருந்து அள்ளும் வெப்பம்



மூதூருக்கு அயலிலே, கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், களப்பும் வயலும் தென்னைகளுமாக விளங்கும் கட்டைபறிச்சான் என்னும் சிற்றூரில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு துலாக்கிணறு இருந்தது. விடியற்காலையில் என் பாட்டனார் துலாவை இறக்கி ஏற்றும் ஓசைதான் எங்களைத் துயிலெழுப்பும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ புதுமையான ஒரு யந்திரம். நீச்சல் தடாகத்து நீரை இளஞ்சூடாக்குவதற்காகக் கட்டடத்துக்கு வெளியே நிறுவப்படும் வெப்பப் பம்பி என்பது அதன் பெயர். அந்த யந்திரத்துக்கும் எங்கள் துலாவுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. அதனைச் சொல்லத்தான் வந்திருக்கின்றேன்.

அதற்கு முன்னர் இன்னொரு கேள்விக்கும் விடை கூறியாக வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலில் நின்றாலும் உடல் வேகின்றது. இத்தகைய நாட்டில் குளத்து நீரைச் சூடாக்குவது எதற்கு? நியாயமான கேள்விதான். குளித்துக் களிப்பதற்காகவே தடாகம் வைத்திருப்பவருக்கு எங்கள் மாவட்டத்தில் இந்த யந்திரம் வேண்டியதே இல்லை. ஆனால், உடல் நலிந்தோருக்கு வெந்நீர் தரும் சுகத்தை எங்கள் மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். திருகோணமலை நகருக்கு அயலிலுள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. கிணற்றுக்குக் கிணறு சூடு சற்று வேறுபடும்; மிகச் சூடான நீர் ஏறக்குறைய 40 பாகை இருக்கும். இராவணன் தன் தாயாரின் ஈமக்கடனுக்காக நிலத்தில் ஏழு இடங்களில் ஊன்றியபோது அவை ஊற்றெடுத்தன என்பது மரபுக்கதை. மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய நீர் அங்குள்ள பாறைகளின் வெப்பத்தை ஏற்று மேலெழுகின்றது என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். விளக்கம் எதுவாயினும், முழங்கால் வலியுள்ள முதியவர் ஒருவர் அந்நீரை இரண்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு, "அப்பாடா" என்று நிமிர்வதை அங்கே காணலாம்.

இளஞ்சூடான நீரில் உடலின் பாரம் குறைகின்றது. இறுகிய தசை இளகுகின்றது. தரையில் ஓரடி வைக்கவும் அஞ்சுபவர் நீருக்குள் பத்தடி நடக்கின்றார். இத்தகைய பயிற்சிக்கு நீர் 33 பாகை முதல் 35 பாகை வரை இருப்பது வழக்கம். எங்கள் மாவட்டத்துத் திறந்த தடாகங்களில், மாரிகாலத்து வாடையும் மழையும் தொடங்கிவிட்டால், அந்தச் சூடு தானாக நிலைப்பதில்லை. யந்திரத்தின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரையை அடுத்துள்ள ஒரு சிறு பராமரிப்பு இல்லத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போர்க்காலத்தில் காயமுற்றோரும், பக்கவாதத்தால் நடை தளர்ந்தோரும் பகலில் வந்து பயிற்சி பெறும் இடம் அது. ஆறு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் உடைய ஒரு தடாகம் கட்டியிருந்தார்கள். கடல் கடந்து வாழும் உறவினர்கள் சிலர் பணம் சேர்த்து ஒரு வெப்பப் பம்பியை வாங்கி அனுப்பியிருந்தார்கள். யந்திரம் வந்து மூன்று மாதங்கள் ஆகியும் தண்ணீர் சூடேறவில்லை. மின்கட்டணமோ ஏறிக்கொண்டே போயிற்று. அந்த மாத முடிவில் தடாகத்தை மூடிவிடுவது என்று நிர்வாகத்தினர் தீர்மானித்திருந்தார்கள்.

அங்கே பயிற்சிக்கு வருவோரில் எங்களூர்ப் பெண்மணி ஒருவரும் இருந்தார். 2006 ஆம் ஆண்டு மூதூர் கிழக்கு மக்கள் எல்லோரும் வீடு வாசல்களை விட்டு வாகரைப் பக்கமாக ஓடிய நாட்களில், எறிகணைச் சிதறல் ஒன்று அவருடைய இடுப்பில் பாய்ந்தது. அன்றுமுதல் கோலூன்றியே நடப்பவர். "தண்ணீருக்குள் மட்டுந்தான் அண்ணை, நான் கோலை விட்டுவிட்டு நிற்கின்றேன்" என்று அவர் என்னிடம் சொன்னார். நான் யந்திரத்தைப் பார்க்கப் போனது அந்த வார்த்தையைக் கேட்ட பின்னர்தான்.

யந்திரம் எங்கே இருந்தது தெரியுமா? தடாகத்துக்குப் பின்னால், மூன்று மீற்றர் சதுரமான ஒரு சீமெந்து அறைக்குள். அறைக்கு ஒரு கதவு. கதவுக்கு ஒரு பூட்டு. சன்னல் இல்லை. "விலையுயர்ந்த பொருள், ஐயா. உப்புக்காற்றுப் பட்டால் கறள் பிடிக்கும். மழையில் நனைந்தால் கெட்டுவிடும். கள்வர் பயமும் உண்டு. ஆகையால் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கின்றோம்" என்றார் பொறுப்பாளர். அவர் சொன்னதில் கபடம் இல்லை; அக்கறைதான் இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தேன். வெளியே வெயில் கொளுத்துகின்றது; உள்ளேயோ குளிர்சாதனக் களஞ்சியத்துக்குள் புகுந்தது போன்ற குளிர்! யந்திரத்தின் முதுகிலுள்ள உலோகத் தகடுகளில் வெண்பனி படிந்திருந்தது. "சூடாக்க வாங்கிய யந்திரம் குளிராக்குகின்றது, ஐயா. பழுதான சாமானைத் தந்துவிட்டார்கள்" என்று பொறுப்பாளர் வருந்தினார். வாயு குறைந்துவிட்டது என்று முன்னர் வந்த ஒருவர் சொல்லிப் போனாராம்.

யந்திரம் பழுதாகவில்லை, நேயர்களே. அதன் இயல்பை அறியாமல் அதனைச் சிறையிட்டிருந்தார்கள். அந்த இயல்பை விளங்கிக்கொள்ள நாம் துலாவிடம் போக வேண்டும்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தானாக ஏறாது. ஏற்ற வேண்டுமானால் துலா வேண்டும். துலாவை மிதிக்கவோ இழுக்கவோ ஓர் ஆள் வேண்டும். ஆனால், அந்த ஆள் தண்ணீரை உண்டாக்குவதில்லை. தண்ணீர் கிணற்றில் இருக்கின்றது. அதனை மேலே கொண்டுவரும் வேலையை மட்டுமே அவர் செய்கின்றார். வெப்பமும் இப்படித்தான். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு அது தானாகச் செல்லும். குளிர்ந்ததிலிருந்து சூடானதற்குத் தானாகச் செல்லாது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றிலே ஏராளமான வெப்பம் இருக்கின்றது. ஆனால் 27 பாகைக் காற்றிலுள்ள வெப்பம் 33 பாகை நீருக்குள் தானாக ஏறாது. அதனை அள்ளி ஏற்றும் துலாவே வெப்பப் பம்பி. மின்சாரம் துலா மிதிக்கும் ஆளைப் போன்றது. காற்றுத்தான் கிணறு.

இது எப்படி நடைபெறுகின்றது? யந்திரத்துக்குள் எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் சுற்றிச்சுற்றி ஓடுகின்றது. யந்திரத்தின் முதுகில், உலோகத் தகடுகள் செறிந்த குழாய்த் தொகுதி ஒன்று இருக்கின்றது. அங்கே அந்தத் திரவம் மிகக் குறைந்த அமுக்கத்தில், வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த நிலையில் இருக்கும். விசிறி வெளிக்காற்றை அந்தத் தகடுகளின் ஊடாக இழுக்கின்றது. காற்றின் வெப்பத்தை வாங்கித் திரவம் ஆவியாகின்றது. வெப்பத்தைப் பறிகொடுத்த காற்றுக் குளிர்ந்து முன்புறமாக வெளியேறுகின்றது. பிறகு அந்த ஆவியை மோட்டார் ஒன்று அமுக்குகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பியின் அடிப்பாகம் சுடுவதைக் கையால் தொட்டு அறிந்திருப்பீர்கள். அதுபோலவே அமுக்கப்பட்ட ஆவி சூடேறுகின்றது. அந்தச் சூட்டைத் தடாகத்து நீர் ஓடும் குழாயிடம் ஒப்படைத்துவிட்டு, ஆவி மீண்டும் திரவமாகின்றது. ஒரு சிறு துவாரத்தினூடாகப் போய் அமுக்கம் குறைந்து குளிர்ந்து, முதுகுப்புறத்துக்குத் திரும்புகின்றது. நம் வீடுகளிலுள்ள குளிர்சாதனப் பெட்டி உணவிலுள்ள வெப்பத்தை அள்ளிப் பின்புறத்தில் கொட்டுகின்றதல்லவா? அதே வித்தைதான் இதுவும்.

இந்த எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. பிரான்ஸ் நாட்டவரான சாடி கார்னோ 1824 ஆம் ஆண்டு வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தொம்சன், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்கலாம் என்று 1852 இல் எடுத்துரைத்தார். அதே பத்தாண்டில், ஒஸ்திரியாவின் எபென்சே என்னும் ஊரிலிருந்த உப்பாலையில், பீற்றர் ரிற்றிங்கர் என்னும் பொறியியலாளர் நீராவியை அமுக்கி, அதன் சூட்டையே மீண்டும் உப்புநீரைக் காய்ச்சப் பயன்படுத்த முயன்றார். விறகைச் சேமிக்க வேண்டும் என்ற தேவையே அவரைத் தூண்டியது.

நீச்சல் தடாகத்துக்கும் இந்த யந்திரத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டுமானால், நம்மவர் பலர் இன்று குடியேறி வாழும் சுவிற்சர்லாந்து நாட்டுக்குப் போக வேண்டும். அந்த நாட்டில் நிலக்கரி மிகக் குறைவு; மலையாறுகளிலிருந்து பெறும் மின்சாரம் உண்டு. சூரிச் நகரத்து மாநகர மண்டபத்தை லிமாத் ஆற்று நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் சூடாக்கும் ஏற்பாட்டை 1938 ஆம் ஆண்டு செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் மூண்டு, நிலக்கரி வரத்துச் சுருங்கிய 1941 ஆம் ஆண்டில், அதே நகரத்தில் திறக்கப்பட்ட உள்ளக நீச்சல் தடாகத்துக்கும் வெப்பப் பம்பியையே அமைத்தார்கள். குளிர்காலத்து ஏரியிலும் ஆற்றிலும் வெப்பம் இருக்கின்றது என்று நம்பி, அதனை அள்ளி எடுத்து, மக்களை வெந்நீரில் நீந்த வைத்தார்கள்.

என் தமக்கையின் மகன் இன்று அந்த நாட்டில்தான் வெப்பப் பம்பிகளை நிறுவும் தொழில் செய்கின்றான். கட்டைபறிச்சானில் என் பாட்டனாரின் துலாவில் ஏறி விளையாடியவன் அவன். அறைக்குள் கண்ட காட்சியைத் தொலைபேசியில் அவனிடம் சொன்னேன். அவன் கேட்ட முதற் கேள்வி, "மாமா, அறைக்குள் பூட்டி வைத்தால் அது எந்தக் காற்றில் அள்ளும்?" என்பதுதான்.

அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அந்த யந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது 9 கிலோவாற்று வெப்பத்தை நீருக்குக் கொடுக்கும். அதற்கு அது உண்ணும் மின்சாரம் 1.8 கிலோவாற்று. மீதி 7.2 கிலோவாற்று காற்றிலிருந்து வர வேண்டும். அந்த அறையோ மூன்று மீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரம். அதற்குள் அடங்கும் காற்று 27 கன மீற்றர். அதன் நிறை ஏறக்குறைய 32 கிலோகிராம். அந்தக் காற்று முழுவதையும் 10 பாகை குளிரச் செய்தாலும் கிடைக்கும் வெப்பம், யந்திரத்தின் முக்கால் நிமிடத் தேவைக்கு மட்டுமே போதும். அதன் பின்னர் சுவர்களிலும் கதவிடுக்கிலும் கசிந்து வருவதைத்தான் அது நக்கிக் குடிக்க வேண்டும். தான் வெளியே தள்ளிய குளிர்காற்றையே மீண்டும் மீண்டும் இழுக்கின்றது. கிணற்று நீர் வற்ற வற்றத் துலாக்கயிறு நீளும், இறைப்பவர் களைப்பார், வாளியில் வருவதோ குறைந்துகொண்டே போகும். அந்த அறைக்குள் நடந்தது இதுவேயாகும். ஆகவேதான் மோட்டார் இரவு பகலாக ஓடியது, கட்டணம் ஏறியது, தண்ணீர் சூடேறவில்லை.

மூடிய அறையில் வேறோர் ஆபத்தும் உண்டு. இக்காலத்து யந்திரங்கள் சிலவற்றில், வளிமண்டலத்துக்குத் தீங்கு குறைந்தது என்ற காரணத்தால் புரோப்பேன் போன்ற எரியக்கூடிய வாயுக்களைப் பயன்படுத்துகின்றார்கள். திறந்த வெளியில் சிறிது கசிந்தால் காற்றோடு கலந்து போய்விடும். பூட்டிய அறையில் கசிந்தால் அங்கேயே தேங்கி நின்று ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

ஆகவே வெப்பப் பம்பியின் வீடு வெட்டவெளி. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிது. ஆனால், வெட்டவெளி என்றால் எந்த இடமும் ஆகும் என்பதன்று. நானும் பொறுப்பாளரும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வளவைச் சுற்றிச்சுற்றி நடந்து இடம் பார்த்தோம். எவற்றைப் பார்த்தோம் என்பதைச் சொல்லுகின்றேன். உங்களுள் எவருக்காவது பயன்படலாம்.

முதலாவது, மூச்சுவிட இடம். யந்திரம் முதுகால் காற்றை இழுத்து முகத்தால் விடுகின்றது. முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு அடி இருக்க வேண்டும். முகத்துக்கு முன்னால் எட்டு அல்லது பத்து அடி தூரம் மதிலோ செடியோ இருத்தலாகாது. திட்டமான அளவு யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடும். அதனோடு வரும் கைந்நூலில் அது குறித்திருக்கும். அழகுக்காக நாற்புறமும் கிடுகுவேலி கட்டுவதும், மேலே மரப்பெட்டி கவிழ்ப்பதும் அறைக்குள் பூட்டுவதைப் போன்றனவே.

இரண்டாவது, காற்றின் திசை. நமது பகுதியில் ஆண்டின் நடுவில் கச்சான் மேற்கிலிருந்து வலுவாக வீசும். மாரியில் வாடை வடக்கிலிருந்து வரும். யந்திரத்தின் முகம் வீசும் காற்றுக்கு எதிரே இருந்தால், விசிறி தள்ளும் குளிர்காற்றை அந்தக் காற்று மீண்டும் முதுகுப்புறத்துக்குத் திருப்பிவிடும். ஆகையால் இரண்டு காற்றுக்கும் முகம் நேர் எதிரே இராதபடி அதனைத் திருப்பி வைத்தோம்.

மூன்றாவது, நீர். மழையில் நனைந்து நிற்கவே இந்த யந்திரம் செய்யப்பட்டிருக்கின்றது. மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கூரையின் இறவாரத்திலிருந்து மழைநீர் அருவியாகக் கொட்டும் இடத்தில் வைத்தலாகாது. மகாவலி கடலோடு கலக்கும் பிரதேசம் நம்முடையது. மார்கழி வெள்ளம் எங்கே ஏறும் என்பதை அந்த மண்ணில் வாழ்ந்த முதியவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்துக்கு மேலே கொங்கிறீற்று மேடை கட்டினோம். 1964 இலும் 1978 இலும் கிழக்குக் கரை புயலின் கொடுமையைக் கண்டது. ஆகவே யந்திரத்தை மேடையோடு ஆணி முடுக்கிப் பிணைத்தோம். காலின் கீழே இறப்பர்த் துண்டுகள் வைத்ததால் அதிர்வும் இரைச்சலும் குறைந்தன.

நான்காவது, உப்பு. பொறுப்பாளரின் அச்சம் முற்றிலும் தவறன்று. கடற்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கத்தான் செய்யும். அதற்கு மருந்து பூட்டு அன்று, கழுவுதல். கடற்கரைக்கென்று பூச்சுப் பூசிய தகடுகள் உள்ள யந்திரத்தை வாங்குவது நன்று. மாதத்துக்கு ஒரு முறையேனும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் தகடுகளைக் கழுவ வேண்டும். நீரை வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். நீர் ஓடும் உட்குழாய், தைத்தேனியம் என்னும் உலோகத்தால் ஆனதாக இருந்தால் குளோரீனுக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கும்.

ஐந்தாவது, அயலவர். நாங்கள் முதலில் தெரிந்தெடுத்த இடம் எல்லா வகையிலும் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மதிலுக்கு அப்பால் ஒரு முதியவரின் படுக்கையறை. இரவெல்லாம் விசிறி இரைந்தால் அவர் எப்படி உறங்குவார்? மேடையைப் பதினைந்து அடி தள்ளிக் கட்டினோம். குழாய் சற்று நீண்டது, அவ்வளவுதான்.

கள்வர் பயத்துக்குக் கம்பிக்கூடு செய்தோம். காற்றுத் தாராளமாகப் புகும்படி அகன்ற கண்களுள்ள கூடு அது.

இனிக் குழாய்த் தொடுப்பு. தடாகத்து நீர் முதலில் பம்பிக்கு வரவேண்டும், அடுத்து வடிகட்டிக்கு, அதன் பின்னரே வெப்பப் பம்பிக்கு. குளோரீன் சேர்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் கடைசியில் இருத்தல் வேண்டும். அதனை முன்னே வைத்தால் செறிந்த குளோரீன் யந்திரத்தின் உட்குழாயைத் தின்றுவிடும். யந்திரத்துக்குள் நீர் போகாமல் நேராகத் தடாகத்துக்குத் திரும்ப ஒரு மாற்றுவழியும், அதற்குரிய அடைப்புகளும் இருந்தால், யந்திரத்தைக் கழற்றித் திருத்தும் நாட்களிலும் தடாகத்து நீர் சுத்தமாகிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகின்றேன். நீரும் மின்சாரமும் சந்திக்கும் இடம் இது. நடக்க இயலாதவர்கள் நீருக்குள் நிற்கும் இடம். யந்திரத்துக்குத் தனியான மின்சுற்று வேண்டும். குறையில்லாத புவித்தொடுப்பு வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிந்த உடனேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் 'ட்றிப்' ஆளி வேண்டும். அந்த இல்லத்தில் வேறோர் அறையிலிருந்து நீட்டிய கம்பியால் யந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள், புவித்தொடுப்பு இருக்கவில்லை. தண்ணீர் சூடேறாததைப் பற்றி மூன்று மாதங்களாக எல்லோரும் கவலைப்பட்டார்கள். இதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. தகுதி பெற்ற மின்தொழிலாளர் ஒருவரை அழைத்து அதைச் சீர்செய்த பின்னரே யந்திரத்தை இயக்கினோம். இந்த வேலையை நாமே செய்துவிடலாம் என்று எவரும் துணிய வேண்டாம்.

யந்திரம் வெளியே நின்று ஓடத் தொடங்கிய முதல் நாளே பொறுப்பாளர் பதறிக்கொண்டு தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அடியிலிருந்து தண்ணீர் வடிகின்றது, குழாய் வெடித்துவிட்டது போலும்!" என்றார். அப்படியன்று. குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோப்பதில்லையா? அதுபோல், ஈரமான கடற்காற்றுக் குளிர்ந்த தகடுகளில் படும்போது அதிலுள்ள நீராவி ஒடுங்கி வடிகின்றது. ஐயமிருந்தால், வெப்பமூட்டுதலை நிறுத்தி நீரை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம். சிறிது நேரத்தில் வடிதல் நின்றுவிட்டால் அது காற்றிலிருந்து வந்த நீர். நில்லாமல் ஒழுகினால்தான் குழாயைச் சோதிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று இருந்தது. அள்ளி ஊற்றிய வெப்பத்தைப் பாதுகாப்பது எப்படி? மண்பானைத் தண்ணீர் குளிர்வதேன் என்பது உங்களுக்குத் தெரியும். பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது வெப்பத்தையும் எடுத்துப் போகின்றது. திறந்த தடாகம் ஒரு பெரிய மண்பானை போன்றது. ஒரு லீற்றர் நீர் ஆவியாகிப் போனால், ஏறக்குறைய 580 லீற்றர் நீரை ஒரு பாகை குளிரச் செய்யும் வெப்பம் அதனோடு போய்விடுகின்றது. தடாகம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இந்த வழியாகவே போகின்றது. ஆகையால் மாலையில் பயிற்சி முடிந்ததும் நீரின்மேல் மிதக்கும் விரிப்பு ஒன்றை இட்டு மூடும்படி சொன்னேன். யந்திரத்துக்குக் கொடுத்த விலையோடு ஒப்பிட்டால் விரிப்பின் விலை அற்பம். அது இல்லாவிட்டால், ஓட்டை வாளியால் இறைத்த கதைதான்.

இப்பொழுது செலவுக் கணக்கு. அந்தத் தடாகத்தில் 1.2 மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றது. அதாவது 21.6 கன மீற்றர். அதனை 27 பாகையிலிருந்து 33 பாகைக்கு உயர்த்த 150 அலகு வெப்பம் வேண்டும். சாதாரண மின்சூடாக்கியை நீரில் அமிழ்த்தினால், 150 அலகு மின்சாரம் செலவாகும். வெப்பப் பம்பியோ, காற்று நமது நாட்டுக் காற்றாக இருக்கும்போது, ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து அலகு வெப்பத்தை ஏற்றித் தருகின்றது. ஆகவே 30 அலகோடு வேலை முடிகின்றது. இழப்புகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதற்குப் பதினேழு மணி நேரம் பிடிக்கும். குளிர்நாட்டில் மாரிகாலத்தில் இவ்வளவு ஆதாயம் கிடையாது, அங்கே காற்று மிகக் குளிர்ந்தது, கிணறு ஆழமானது. நமது கிணறு ஆழமற்றது. கைநீட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கின்றது. நண்பகலில் காற்று மிகவும் சூடாக இருக்கும்போது யந்திரத்தை ஓட்டினால் கிணறு இன்னும் மேலே வருகின்றது.

இந்தச் சிக்கனம் ஓர் இல்லத்தின் கணக்குப் புத்தகத்தோடு முடிவதன்று. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் இன்றி நாடு இருளில் கிடந்த நாட்களை நாம் மறந்துவிடவில்லை. எங்களூருக்கு அடுத்த சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகள் பேசப்பட்டு, 2016 ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் மாதத்தில், அங்கே அமையும் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்துக்கான தொடக்க விழா நடைபெற்றது. பகல் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, அதே பகல் வெயில் சூடாக்கிய காற்றிலிருந்து வெப்பத்தை அள்ளும் யந்திரமும் அதற்கு ஏற்ற துணையாகும். எவ்வளவு மின்சாரத்தை ஆக்குகின்றோம் என்பதைப் போலவே, ஆக்கியதைக் கொண்டு எவ்வளவு வேலை வாங்குகின்றோம் என்பதும் முக்கியம் அல்லவா?

இரண்டாம் நாள் காலையில் நான் அந்த இல்லத்துக்குப் போனேன். வெப்பமானி 33 பாகை காட்டியது. பொறுப்பாளர் தண்ணீரில் கைவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். எங்களூர்ப் பெண்மணி கைப்பிடியைப் பற்றிப் படிகளில் இறங்கினார். கோலைக் கரையில் வைத்தார். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஆறு மீற்றர் தூரம் நடந்தார், திரும்பி நடந்தார். தடாகத்தை மூடும் தீர்மானத்தைப் பற்றி அதன் பின்னர் எவரும் பேசவில்லை. பழைய அறையில் இப்பொழுது பயிற்சிக்கு வருவோர் தங்கள் உடுப்புகளை வைக்கின்றார்கள்.

வெந்நீர்ப் பயிற்சி எல்லோருக்கும் ஏற்றதன்று. இதய நோயுள்ளோரும், ஆறாத புண்ணுள்ளோரும் வைத்தியரின் ஆலோசனை பெற்றே நீரில் இறங்க வேண்டும் என்பதையும் கூறிவைக்கின்றேன்.

கடந்த விடுமுறைக்கு ஊர் வந்த என் மருமகன் எங்கள் பழைய வளவுக்குப் போனான். துலா இப்பொழுது அங்கே இல்லை. கிணறு மட்டும் இருக்கின்றது. கட்டில் குனிந்து பார்த்துவிட்டு, "தண்ணீர் கிட்டத்தில்தான் நிற்கின்றது, மாமா" என்றான்.